ஜீப் நிற்கும் இடம்

நவம்பர் 11, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்துபோயிற்று. புது சிலிண்டரை மாட்டுங்கள் என்றால், இவர் ரெகுலேட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மின்வாரியத்தில் வேலை பார்த்த பெருமையைப் பேசிக்கொண்டு நிற்கிறார். கடைசியில் நானே மாட்டினேன். ரிட்டயர் ஆன ஆம்பளையை வீட்டில் வைத்துக்கொள்வதற்கும் ஒரு அரசாங்கத் திட்டம் வேண்டும்.

மதியத்துக்கு மேல் செங்காட்டுப்புதூர் போனேன், யாஷிகாவைப் பார்க்க. பத்து வயது. அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பன் குடித்துவிட்டு பெல்ட்டால் அடிக்கிறான் என்று பள்ளிக்கூடத்து டீச்சர்தான் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணினார். ஆகஸ்டில் போலீசோடு போய் அழைத்து வந்தோம். குழந்தைகள் நலக் குழு அவளை இல்லத்துக்கு அனுப்பத்தான் இருந்தது. நான்தான் அலைந்து அவள் அம்மாவின் தங்கை கோகிலவாணியைக் கண்டுபிடித்தேன். கோகிலா வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். புருஷன் பழனிவேல் தறிக்குப் போகிறவர். பிள்ளை கிடையாது. "எங்கக்கா புள்ளைங்க, எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்று முதல் நாளே சொன்னாள். டிசம்பர் வரை பார்க்கலாம், எல்லாம் சரியாக இருந்தால் அங்கேயே வளரட்டும், இல்லையென்றால் இல்லம் என்று குழு சொல்லியிருக்கிறது.

லைன் வீடு. ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீடுகளில் "நூறு" என்பார்கள். அப்பன் கேரளாவில் வேலைக்குப் போயிருக்கிறான், பிள்ளை சித்தியிடம் இருந்து படிக்கிறாள் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறோம். அதனால் ஜீப்பைத் தண்ணீர் டேங்க் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு நடப்பேன். எந்த வீட்டு விசாரணைக்கும் நான் வாசலில் வண்டியை நிறுத்தியதில்லை. எங்கள் ஆபீசில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். கையில் ஒரு ரவிக்கைத் துணி இருந்தால் போதும், நான் கோகிலாவின் வாடிக்கைக்காரி. இப்படி வேஷம் போட்டுத் தைத்த ரவிக்கைகளே வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேட்ச் ஆகும் சேலை இல்லை.

யாஷிகா சித்திக்குக் கொக்கி வைத்துக்கொடுக்கிறாள். பழனிவேல் அவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத் தந்திருக்கிறார். முட்டியில் சிராய்ப்பைக் காட்டி, "இது சைக்கிள்ல விழுந்ததுங்க மேடம், வேற ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "மேடம் இல்ல, பெரியம்மா" என்று கோகிலா அவள் வாயைப் பொத்தினாள்.

கரும்பச்சைத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். காலையிலிருந்து மேடை, மைக், சாக்லேட், பேச்சு. வெயிலில் உட்கார்த்திவைக்கப்பட்ட பிள்ளைகளில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். குழந்தைகள் பாதுகாப்பு பற்றிப் பேச வந்தவர் அதைப் பார்க்காமல் பேசி முடித்தார்.

எங்கள் ஜீப்புக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அழுகிற குழந்தை, மறுபக்கம் சிரிக்கிற குழந்தை, நடுவில் கொட்டை எழுத்தில் 1098. டிரைவர் சென்னியப்பனுக்கு ஒரே பெருமை. "கலியாண வண்டி மாதிரி ஆயிருச்சுங்க மேடம்" என்று துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மனுஷனுக்கு உலகத்தில் இரண்டு விஷயம்தான்: ஜீப், வீட்டில் வளர்க்கிற ஆடு.

டேங்க் பக்கத்தில் நிறுத்தினாலும் இனி ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று ராத்திரியிலிருந்து மழை. முட்டி இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. லீவு போடு என்றார் இவர். டிசம்பரில் குழுவுக்குச் சொல்லியாக வேண்டும், வீடு பார்க்காமல் எதைச் சொல்வது?

இரண்டு வீடு முடித்துவிட்டு செங்காட்டுப்புதூர் போவதற்குள் கொட்டோ கொட்டென்று கொட்டியது. டேங்க்கிலிருந்து லைன் வீடு வரைக்கும் முழங்கால் மட்டும் செம்மண் தண்ணீர். ஜீப் வாசலிலேயே போய் நின்றது. இந்த மழையில் எவன் வெளியே வந்து பார்க்கப் போகிறான்? உள்ளே கொஞ்ச நேரம்தான் இருந்தேன்.

யாஷிகா தையல் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டால் வரவில்லை. பிறகு தலையை மட்டும் நீட்டி, "பேக் எடுத்துக்கணுங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பன் வீட்டுக்கு ஆகஸ்டில் நாங்கள் போனது வாசலில் ஜீப்போடுதான். அன்றைக்கு நான் சொன்ன முதல் வார்த்தை, "கண்ணு, உன் பேக்கை எடுத்துக்கோ". அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாள். "அதெல்லாம் வேண்டாம், நான் ரவிக்கை கேட்டு வந்தேன்" என்று சமாதானப்படுத்தினேன்.

கோகிலா அடிக்கடி ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொடியில் துணி நனைகிறதோ என்னவோ. ரவிக்கை இன்னும் வெட்டவில்லையாம்.

வீட்டுக்கு வந்து வெந்நீர் ஒத்தடம். ரசம் மட்டும் வைத்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

மழை விட்டபாடில்லை. முட்டிக்குத் தைலம்.

நவம்பர் 26, செவ்வாய்

கோகிலா போன் பண்ணினாள். "அக்கா, இனி நீங்க வூட்டுக்கு வர வேண்டாங்க. நானே புள்ளயக் கூட்டிட்டு உங்க ஆபீசுக்கு வந்தர்றேன்."

ஏன் என்றேன். "சும்மாதாங்க" என்றாள். குரல் சரியில்லை. வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதாவது இருக்கும். வீட்டு விசாரணையை வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று கொஞ்சம் கறாராகவே சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மாவு அரைக்கக் கொடுத்தது புளித்துவிட்டது. இவர் அதையும் தோசையாக ஊற்றித் தின்று, அருமை என்றார்.

நவம்பர் 29, வெள்ளி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. வீட்டு விசாரணை பற்றி நான்தான் பேச வேண்டும். வருஷா வருஷம் நான்தான் பேசுகிறேன். எல்லாம் வாய்ப்பாடு மாதிரி வரும்.

"கேள்வி கேட்கப் பின்னால் கற்றுக்கொள்ளலாம். முதலில் வண்டியை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தேன். நம் வண்டி ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டைப் பற்றித் தெரு ஒரு கதை கட்டும். பொம்பளைப் பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால் ஒரே கதைதான் கட்டும். நாம் போய்விடுவோம், கதை போகாது. பீரோ நிறைய ரவிக்கை இருப்பதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் எப்போதுமே சிரிப்பார்கள்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தார். கண்ணாடி போட்ட, நிதானமான பிள்ளை. "மேடம், ஒரு நாள் மறந்து வாசல்லயே நிறுத்திட்டா, அப்புறம் என்ன பண்ணணுங்க?"

"மறக்க மாட்டீங்க தம்பி. உங்களுக்கு முட்டி நல்லாத்தானே இருக்கு?" என்றேன். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நான் எதற்கு முட்டியைப் பேச்சில் இழுத்தேன் என்று தெரியவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. நல்லவேளை, டீ வந்துவிட்டது.

டிசம்பர் 2, திங்கள்

கோகிலா ஆபீசுக்கு வந்தாள், தனியாக. பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தண்ணீர் கொடுத்த பிறகுதான் பேச்சு வந்தது.

அன்றைக்கு ஜீப் போன கையோடு வீட்டு ஓனர் பெண்டாட்டி சரஸ்வதி வந்து கேட்டிருக்கிறாள், என்ன சமாச்சாரம் என்று. ரேஷன் கார்டு விசாரணை என்று கோகிலா சொல்லியிருக்கிறாள். ஸ்டிக்கரில் அழுகிற குழந்தை லைன் வீட்டைப் பார்த்தபடி நின்றிருக்கும்போது ரேஷன் கார்டு எங்கே எடுபடும்? மறுநாளே தெருவில், அந்தப் பிள்ளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்றிருக்கிறார்கள். அதற்கடுத்த நாள், யார் செய்தது என்றும் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"எங்க வூட்டுக்காரரச் சொல்றாங்கங்க" என்றாள் கோகிலா. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "சைக்கிள் பழக்கிவுடறேன்னு புள்ளயத் தொட்டுத் தொட்டுப் புடிச்சாருன்னு பேசறாங்கங்க. தறியில கூட இருக்கறவிய முன்னமாதிரி பேசறதில்லீங்க. அவரு இப்ப வூட்டுக்கே வர்றதில்ல. தறிக்குடோன்லயே படுத்துக்கறாரு. புள்ள கேக்குது, சித்தப்பா எங்கீன்னு."

பள்ளிக்கூடத்தில் யாஷிகாவின் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். காலி பண்ணச் சொல்கிறாள் சரஸ்வதி. ரவிக்கைத் துணி கொடுத்தவர்கள் தைக்காமலே திருப்பி வாங்கிப்போகிறார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது. பெற்ற அப்பன் பெல்ட்டால் அடித்தபோது அந்தத் தெருவில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனுஷன் ஒருவர் சைக்கிள் பழக்கினால் நாக்கு ஒரு முழம் நீள்கிறது. "நானே வந்து அந்தச் சரஸ்வதியிடம் பேசுகிறேன்" என்றேன்.

கோகிலா இரண்டு கையையும் கூப்பினாள். "வேண்டாங்கக்கா. நீங்க வந்ததுலதாங்க..." என்று ஆரம்பித்தவள், முடிக்கவில்லை. "நீங்க வர வேண்டாங்க" என்று மட்டும் மறுபடி சொன்னாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

சென்னியப்பனைக் கத்திவிட்டேன். ஆபீஸ் வாசலில், எல்லோரும் பார்க்க. எங்கே நிறுத்த வேண்டும் என்று ஒரு டிரைவருக்கு இத்தனை வருஷத்தில் தெரிய வேண்டாமா என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை எடுத்து ஜீப் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

சாயந்திரம் தலைவலி. கீரை வாங்கி ஆயாமல் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 5, வியாழன்

பழனிவேலைப் பார்க்கப் போனேன். தறிக்குடோனுக்கு ஒரு பஸ் ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். பேக்கரியில் டீ சொல்லிவிட்டு ஆள் விட்டேன்.

வந்தவர் உட்காரவில்லை. முடியெல்லாம் பஞ்சு. நான் சமாதானம் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். உங்கள் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை, எங்களுக்கு உங்கள் மேல் நூறு சதவீதம் நம்பிக்கை என்றேன்.

"அது உங்களுக்குத் தெரியுங்க. எனக்கும் தெரியுங்க" என்றார். "போன வாரம் சாமான் எடுக்க வூட்டுக்குப் போனனுங்க. புள்ள ஓடியாந்து கையப் புடிச்சுது. நான் கைய உதறிட்டனுங்க. வெளிய யாராச்சும் பாக்கறாங்களான்னுதான் மொதல்லப் பாத்தேன். அது மூஞ்சி அப்பிடியே சுருங்கிப்போச்சு. இனி அந்தப் புள்ளயப் பாக்கறதுக்கே எனக்குப் பயமா இருக்குதுங்க மேடம். அப்பிடிப் பயந்துட்டு ஒரு புள்ளய வளக்க முடியுங்களா?"

வேறு ஊரில் வீடு பார்த்துப் போய்விட்டால் என்ன என்று கேட்டேன்.

"போலாந்தாங்க. வூடு புடிக்கோணும், தறி வேல புடிக்கோணும், புள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாத்தோணும். தனியா நாங்க ரெண்டு பேரு எங்கீங்க அலையறது? ஆராச்சும் கூட நின்னு செஞ்சு குடுத்தா ஆகும்" என்று என்னைப் பார்த்தார்.

குழுவில் கேட்கிறேன் என்றேன். நிச்சயம் கேட்கிறேன் என்றேன். டீ ஆறிப்போய்விட்டது. அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 10, செவ்வாய்

இன்றைக்கு விசாரணை.

குழுத் தலைவி கெட்டிக்காரர். சுற்றி வளைக்க மாட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "வீடு நல்ல வீடு, புள்ள சந்தோஷமா இருக்குன்னு போன மாசம் வரைக்கும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப அவங்களுக்கு வெச்சுக்க முடியாதுங்கறீங்க. திடீர்னு என்ன ஆச்சு?"

"குடும்பச் சூழ்நிலைங்க மேடம்" என்றேன். "அக்கம்பக்கத்துல பேச்சு."

"பேச்சு எப்படி வந்துச்சு? நம்ம பக்கத்துல ஏதாவது பிசகா? அப்படின்னா சொல்லுங்க. நம்மளால வந்த பிரச்சினைன்னா நாமதான் வேற ஊர்ல வீடு, ஸ்கூல் எல்லாம் ஏற்பாடு பண்ணிக் குடுக்கணும். இன்னும் ஆறு மாசம் டைம் தர்றேன். அவங்களுக்கே இஷ்டமில்லைன்னா நான் கட்டாயப்படுத்த முடியாது."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு என் வகுப்பில் உட்கார்ந்திருந்த கண்ணாடிப் பையனும் கோப்பு எடுத்துக்கொடுக்க ஒரு மூலையில் நின்றிருந்தார்.

"நம்ம பக்கத்துல ஒண்ணுமில்லைங்க மேடம்" என்றேன்.

கோகிலா எனக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இந்தக்கா ஜீப்பில் வந்ததுதான் காரணம் என்று அவள் சொல்லியிருந்தால் யார் மறுத்திருப்பார்கள்? வேறு ஊரில் வீடு வேண்டும் என்று பழனிவேல் சொன்னதைக்கூட, நான் கேட்பேன் என்று நம்பித்தான் அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும். தலைவி அவளிடம், "உனக்கு விருப்பமில்லையாம்மா?" என்று கேட்டார். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்க" என்றாள்.

யாஷிகாவை இல்லத்துக்கு அனுப்ப உத்தரவு.

வெளியே வந்ததும் கோகிலா என் கையைப் பிடித்து, "உங்களுக்கும் கஷ்டந்தாங்கக்கா" என்றாள். எனக்கா கஷ்டம்?

டிசம்பர் 11, புதன்

மழை பெய்த அன்றைக்கும் சென்னியப்பன் கேட்டார். "மேடம், எங்கீங்க நிறுத்தறது? டேங்க்கிட்டங்களா?" என்று. வாசலுக்கு விடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

டிசம்பர் 12, வியாழன்

ஜீப் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோகிலாவே பிள்ளையை பஸ்சில் அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். யாஷிகாவுக்கு எண்ணெய் வைத்துப் படியப் படிய வாரி இரட்டை ஜடை போட்டிருந்தாள். ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. பிள்ளை அதைப் பார்த்தாள், தன் பையைப் பார்த்தாள், யாரும் சொல்வதற்கு முன்னாலேயே போய் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கோகிலா என்னிடம் ஒரு பாலிதீன் கவரைக் கொடுத்தாள். "உங்க ரவிக்கைங்க. கொக்கி புள்ள வெச்சது."

இல்லம் இருப்பது மலையடிவாரத்தில், ரொம்ப தூரம். போகும் வழியெல்லாம் யாஷிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நான் அங்க ஒண்ணுமே தப்புப் பண்ணலீங்களே. அப்புறம் எதுக்குங்க ஜீப்பு வந்துச்சு?"

நீ ஒரு தப்பும் பண்ணவில்லை கண்ணு என்றேன். அது பாதி பதில்தான். சென்னியப்பன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். மீதிப் பாதியையும் நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசலில், மாடத்தில், மாடிச் சுவரில் எல்லாம் இவர்தான் விளக்கு வைத்தார். என்னால் குனிய முடியவில்லை.

ரவிக்கையைப் பிரித்துப் பார்த்தேன். அளவு கச்சிதம். கரும்பச்சைத் துணிக்குச் சிவப்பு நூலில் கொக்கி வைத்திருக்கிறாள். ஒரு கொக்கி திரும்பி இருக்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பொரி உருண்டை பிடிக்கப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்த இவர், புகையா என்று அடுப்படியிலிருந்து கேட்டார். ஆமாம் என்றேன்.

டிசம்பர் 28, சனி

மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் டவுன் பஸ் பிடித்து செங்காட்டுப்புதூர் போனேன். பொங்கலுக்காவது பிள்ளையை நான்கு நாள் அழைத்து வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் தலைவியிடம் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், வீடு பார்க்க நானே அலைகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீடு பூட்டியிருந்தது. மெஷின் இருந்த ஜன்னல் காலியாகக் கிடந்தது. ஓனர் பெண்டாட்டி சரஸ்வதி வெளியே வந்தாள். நான் நினைத்துவைத்த மாதிரி ராட்சசி இல்லை. மஞ்சள் பூசின முகம், இடுப்பில் பேரக் குழந்தை.

"ஆரைப் பாக்கோணுங்க?"

"கோகிலாவ. ரவிக்கை தைக்கக் குடுத்திருந்தேன்." பழக்கம் விடவில்லை.

"அவிய காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்கம்மிணி. திருப்பூருப் பக்கம்னாங்க, எந்த ஊருன்னு சொல்லல." பிறகு குரலைத் தணித்தாள். "அது பெரிய கதைங்க. அந்தப் புள்ள பாவம். அரசாங்க ஜீப்பே வந்து நின்னுச்சுங்க, இந்தா, இந்த வாசல்ல. கண்ணால பாத்தனுங்க."

"ஜீப் சும்மா வந்ததுங்க" என்றேன். "பிள்ளை எப்படி இருக்குன்னு பார்த்துட்டுப் போக வந்தது. பழனிவேல் ஒரு தப்பும் பண்ணலை. மழைக்கு நடக்க முடியாம வாசல்ல நிறுத்தினாங்க. அவ்வளவுதான்."

முதன்முதலாக அதை வாய்விட்டுச் சொன்னேன். சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் கடைசியில் இவளிடம் போய்.

சரஸ்வதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சும்மா வருவாங்களாங்க அத்தன பெரிய ஜீப்புல?" என்று சிரித்தாள். "நீங்க வெளியூரு. உங்களுக்குத் தெரியாது."

கோகிலாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழனிவேலுடையதும்.

ஜனவரி 3, வெள்ளி

தலைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர் நான் எதிர்பார்த்த மாதிரி கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினார். "அன்னிக்கே சொல்லியிருந்தா செஞ்சிருக்கலாமே, வல்லி" என்றார். எல்லோரும் வல்லி மேடம் என்று கூப்பிட, அவர் மட்டும்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "இப்ப அவங்கள எங்கன்னு தேடறது?"

தேடுகிறேன் என்றேன். முன்பு ஒருமுறை தேடிக் கண்டுபிடித்தவள்தானே. ஆனால் அப்போது அவர்கள் என்னிடமிருந்து ஒளியவில்லை.

ஜனவரி 11, சனி

இல்லத்துக்குப் போனேன். சொந்தக்காரர்கள் இருக்கிற பிள்ளைகளைப் பொங்கலுக்கு அனுப்புகிறார்கள். வாசல் முழுக்க ஆட்டோவும் மொபெட்டும். கரும்பு, சட்டைத் துணி, முறுக்கு எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அந்தக் கரும்பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டேன். அதற்கும் மேட்ச் ஆகும் சேலை இல்லை. இருந்ததைக் கட்டினேன்.

தெருமுனை திரும்பும்போது சென்னியப்பன் வேகத்தைக் குறைத்தார். "மேடம், எங்கீங்க நிறுத்தறது?"

இங்கே எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான். இல்லத்து வாசலில் எங்கள் ஜீப்பைப் பார்த்து யார் என்ன கதை கட்டப்போகிறார்கள்? ஆனாலும், "இங்கயே நிறுத்துங்க" என்று சொல்லி இறங்கிவிட்டேன். முட்டி வலியோடு நடந்தேன். நடப்பதில் எனக்கு ஏதோ ஒரு நிம்மதி.

யாஷிகா முன்படியில் உட்கார்ந்திருந்தாள். இரட்டை ஜடை இல்லை, முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். மடியில் பை. விடிந்ததிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடக் கூப்பிட்டாலும் பையோடுதான் வந்தாள் என்று வார்டன் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். முதலில் ரவிக்கையைத்தான் பார்த்தாள். "கொக்கி நிக்குதுங்களா?"

"நிக்குது கண்ணு. நல்லா இருக்கு."

"ஒண்ணு திரும்பியிருக்கும். சித்தி பிரிச்சு வைக்கச் சொல்லுச்சு. நான் பிரிக்கல. சித்தி நல்லா இருக்குதுங்களா? சித்தப்பா?"

"நல்லா இருக்காங்க" என்றேன். எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு என் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள். ஆட்டோக்கள், மொபெட்டுகள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பார்த்தாள்.

"ஜீப்பு எங்கீங்க?"

"தெருமுனையில நிக்குது கண்ணு."

"வாசலுக்கு வராதுங்களா?"

கரும்பைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"கூட்டிட்டுப் போறதுன்னா வாசலுக்குத்தான் வரும்" என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "பரவால்லீங்க. அப்ப இன்னிக்கு இல்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறவள் மாதிரிச் சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி உள்ளே போனாள்.